இன்னொரு கரண்டி

பாதரசம் இறங்க நேரமானது. ரெமிஜியஸின் கையில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்துவிட்டு டாக்டர் சந்தானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளட் பிரஷர் ஜாஸ்தி இருக்கு சார். பட்டாளத்து ஆபீசுல சேந்தப்ப என்ன எடை?"

"ஒன்பது ஸ்டோன். மூணு வருஷம் முந்தி வரைக்கும் அதேதான்."

"இப்ப பன்னெண்டு. இதயம் ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி சார். குதிரை அதேதான். ஆளு மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்? மூணு வருஷத்துல என்ன ஆச்சு?"

"வீட்டுக்காரி மௌரீன் தவறிட்டா."

"துக்கத்துல ஆளு இளைப்பாங்க," என்றார் டாக்டர், மெதுவாக.

ரெமிஜியஸுக்குக் காது சுட்டது.

அவர் குடியிருந்த காக்ஸ் டவுனில் சாவு வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறு அனுப்புவது வழக்கம். கொஞ்ச நாளில் நின்றுவிடும். பக்கத்து வீட்டு ஜோசஃபின் நிறுத்தவில்லை. மாலையானால் தூக்குச்சட்டியோடு வருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பரிமாறுவாள். அதற்குள் தெருக்கதை முழுக்க வந்துவிடும்: யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன், கோயில் பாடகர் குழுவில் யாருக்கும் யாருக்கும் சண்டை. தட்டு காலியானால் பேச்சும் முடிந்துவிடும். அதனால் வயிறு நிரம்பிய பிறகும், "இன்னொரு கரண்டி போடும்மா," என்பார்.

அவளுக்குப் பெருமை தாளாது. "மௌரீன் அக்கா இருந்தப்ப ஓணான் மாதிரி இருந்தீங்கண்ணா. இப்பத்தான் பாக்க ஆளா இருக்கீங்க."

டாக்டரைப் பார்த்துவந்த அன்று மாலை அவர் தட்டு எடுக்கவில்லை.

"இனிமே வேணாம்மா."

"என் குழம்புல என்னண்ணா குத்தம்?"

"குத்தமில்ல. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்றார்."

"இந்த டாக்டருங்களுக்கு நாம சாப்பிட்டாலே ஆகாது," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, உடம்புதானே முக்கியம்." தூக்குச்சட்டியை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு கேழ்வரகுக் கஞ்சிதான். அவரே காய்ச்சி, அவரே குடித்து, கிண்ணத்தையும் கழுவி வைப்பார். வாசற்கதவை யாரும் தட்டவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தபோது டாக்டரிடம் போனார். பாதரசம் சொன்ன பேச்சுக் கேட்டது.

"பலே! இன்னும் ரொம்ப வருஷம் இருப்பீங்க சார்."

வீடு திரும்பினார். மேசைமேல் தூக்குச்சட்டி அப்படியே இருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது. கொல்லைக் கொய்யாவில் பழம் பறித்து நிரப்பிக்கொண்டு போய் ஜோசஃபின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஐயோ அண்ணா, பாதியாப் போயிட்டீங்களே!" தூக்கை வாங்கியவள் பழக்கதோஷத்தில் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"சோறு வேணாம்மா. கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?"

அவள் விழித்தாள். பிறகு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். கையில் கரண்டி இல்லாமல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கும்தான்.

"அப்புறம்ணா?"

"கோயில் கொயர்ல பாடறவங்க சண்டை தீந்துதா?"

"அட, அது தீந்து எவ்வளவோ நாளாச்சே. உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?" என்றபடி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.