ஒவ்வொருத்தரா உள்ளே வாங்க

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அவள் உஷாரானாள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடித்துவிட்டு வந்த புருஷன், முகம் செக்கச்செவேலென்று சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். குடி கூடிப்போச்சு, குளுக்கோஸ் ஏறினால் சரியாகிவிடும், சாயங்காலம் கூட்டிப் போகலாம் என்று இதே டாக்டரம்மாதான் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா?

"படிச்சவங்கதானே, எதுக்கு அட்டையைப் பார்க்குறாங்க?" என்று நாத்தனார் காதைக் கடித்தாள். அவன் பட்டறை இருக்கும் தெருவிலேயே குடியிருக்கும் அக்கா; ஞாயிறானாலும் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். விஷயம் தெரிந்து இவளுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவள்.

"வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இந்த அட்டையில இருக்கறதையெல்லாம் கேட்டே ஆகணும்மா," என்றாள் டாக்டரம்மா. "நாம நெனச்சதுல எது ஒட்டலைன்னு யோசிக்கச் சொல்லுது. ரெண்டு கிளாஸ்தான் குடிச்சேங்கறாரு. ரெண்டு கிளாஸுக்கா நெஞ்சு இப்படி அடிக்குது, பிரஷர் இறங்குது?"

"அவரு பொய் சொல்றாருங்க," என்று இவள் முந்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதைப் போய்ப் பொய் என்கிறோமே என்று நாக்கு கூசியது.

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். "கூட வந்தவங்களைத் தனித்தனியா கேக்கணும். ஒவ்வொருத்தரா உள்ளே வாங்க. முதல்ல அக்கா."

கதவு சாத்திக்கொண்டது. தனித்தனியாக எதற்கு? போலீஸ் ஸ்டேஷனா இது? அவள் ஒளித்து வைத்த மாத்திரைகள் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தன. போன வாரம் நாத்தனார் ஊசி வேண்டுமென்று வந்து அந்த டிராயரைத் திறந்தாள். மூடும்போது ஒரு மாதிரி பார்த்தாளே! அன்றைக்கே மோப்பம் பிடித்திருப்பாள். தம்பி பெண்டாட்டியை மாட்டிவிட இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாளா? குடியை மறக்கடிக்கும் மருந்து என்றுதான் மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். புருஷனுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். தெரிந்தால் அவன் சாப்பிடுவானா? தெரிந்தால் இனி அவள் கையால் ஒரு வாய்ச் சோறு சாப்பிடுவானா? அவளை வீட்டில்தான் வைத்திருப்பானா?

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இவள் பக்கம் திரும்பவே இல்லை. போட்டுக்கொடுத்துவிட்டாள், சந்தேகமே இல்லை.

உள்ளே போனதும், கேள்வி வருவதற்கு முன்பே இவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். "தப்புதான் டாக்டர். காலையில டீயில குடிய மறக்கற மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்து குடுத்தேன். குடிய விட்டா போதும்னுதான். அவருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"நீங்களுமா?"

இவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வெளியே நாத்தனார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா வாயில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாதுதான். "மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டுலதானா?"

"ஆமாங்க."

"அப்ப ரெட்டை அளவு போயிருக்கு. அதுக்கு மேல குடி வேற; இந்த மருந்தும் குடியும் சேர்ந்தா நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். நான் பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." டாக்டரம்மா அட்டையைத் தள்ளி வைத்தாள். "இங்கயே வெச்சுப் பார்த்துக்கறோம். ஆனா அவருக்குச் சொல்லியாகணும். மருந்து உடம்பை விட்டுப் போற வரைக்கும் ஒரு சொட்டு குடிச்சாலும் ஆபத்து. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நாங்களே சொல்றோம்," என்றாள். நாங்கள் என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள்.

"சாம்பார்லயா அண்ணி?" என்றாள் இவள்.

"மோர்ல." நாத்தனார் தரையைப் பார்த்தாள். "உனக்கு அவன்மேல அக்கறையே இல்லன்னு நெனச்சுட்டேன்டி."

"நானும் உங்கள அப்படித்தான் நெனச்சேன்."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "தொண்டை வறளுது," என்றான் அவன். "யாராச்சும் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் தண்ணீர் பாட்டிலை நோக்கிப் போயின. தொடுவதற்கு முன்பே இரண்டும் நின்றுவிட்டன.