புருசனுக்காகப் பார்த்த வலிவாங்கி

ஈஸ்டர் வந்து தவக்காலம் முடிகிறவரை டிவி பக்கமே திரும்புவதில்லை என்று சாம்பல் புதனன்று வியாகுலம் வாத்தியார் ஒறுத்தல் எடுத்தபோது, அவர் மனைவி ஞானபூரணி நம்பவில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக அந்தப் பெட்டி முன்னால் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுசர். புதனையும் வியாழனையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்ததே வினை. அன்றைக்குத்தான் 'வலிவாங்கி' தொடரின் இரண்டாம் பாகம் ஆரம்பம்.

மங்கை என்றொருத்தி. யாரைத் தொட்டாலும் அவர்கள் வலி முழுக்க அவள் உடம்புக்கு வந்துவிடும். அவர்கள் எழுந்து நடந்து போவார்கள். அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு ஊரையே காப்பாற்றுகிறவள். முதல் பாகத்தின் முடிவில், தீப்பிடித்த ஆஸ்பத்திரி வாசலில் சுருண்டு விழுந்தாள். அதிலிருந்து வியாகுலத்துக்கு அவள் நினைப்புதான். "பாவம், அந்தப் புள்ள பொழைச்சாளோ என்னமோ" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமூச்சு விடுவார். கேட்கக் கேட்க ஞானபூரணிக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவியில் வருகிறவளுக்கு இப்படி உருகுகிறாரே, பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றுகிறவளை 'உனக்கு எப்படி இருக்கு' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்றுதான் அவள் இத்தனை வருசமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது வியாகுலம் மெல்ல ஆரம்பித்தார்.

"பூரணி, எனக்காக நீ அதப் பாத்துட்டுக் கதைய மட்டும் சொல்லேன். காதால கேட்டா ஒறுத்தல் முறியாது."

"ஆண்டவருக்கே அல்வா குடுக்கப் பாக்குறீகளே! ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதுல்ல, அன்னைக்கு மறுபடியும் போடுவாக, பாத்துக்கங்க."

"அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அலெக்ஸ் சும்மா இருப்பானா? காலைல பால் வாங்கப் போனாலே முழுக் கதையையும் கொட்டிருவான்."

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சரி, தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டாள். எட்டரை மணிக்கு அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். மணிகளை உருட்டினாரே ஒழிய, மனசு இங்குட்டுத்தான் கிடந்தது.

நாலு பேர் பறப்பார்கள், நாலு கார் வெடிக்கும், அதற்குள் கீரையை ஆய்ந்துவிடலாம் என்று முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள் ஞானபூரணி. ஒரு கார்கூட வெடிக்கவில்லை. மங்கை பிழைத்திருந்தாள்! ஒரு சந்து வீட்டில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் விடியும் முன்பே வரிசை. பல்வலிக்காரன், இடுப்பு ஒடிந்தவன், பிரசவ வேதனையில் துடிக்கிற பெண். ஒவ்வொருவரையும் தொடுகிறாள், ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். பின்னணியில் இசை என்று ஒன்றுமே இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. கைக்குழந்தையின் காதுவலியை வாங்கும்போது மட்டும் சிரித்தாள். "என் சேசுவே! யாரு பெத்த புள்ளையோ, என்னமா நடிக்கிறா!" என்று ஞானபூரணி வாய்விட்டே சொல்லிவிட்டாள். இவ்வளவு வேலை செய்கிறவள் சேலை கசங்கவே இல்லையே என்று ஒரு குறை இருந்தது. அதை மன்னித்துவிட்டாள். கீரை கீரையாகவே கிடந்தது.

கடைசியில் மங்கைக்குக் கரண்டியைத் தூக்கவே கை வரவில்லை. வெளியே, "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கூட்டம் சத்தம் போட்டது. அவள் வாசலுக்கு வந்து நின்றாள். யாரும் கேட்காமல், அவளாகவே சொன்னாள்: "எனக்கு வலிக்குது." வரிசை மொத்தமும் வாயடைத்துப் போயிற்று. அத்தோடு முடிந்தது.

மலையைத் தூக்கிக் காட்டியிருந்தாலும் ஞானபூரணி இப்படி அசந்திருக்க மாட்டாள். எவ்வளவு தைரியம் இந்தப் பெண்ணுக்கு! கதை எழுதினவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று பின்கட்டிலிருந்து ஓடிவந்தார் வியாகுலம். "பொழைச்சுட்டாளா?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடித்தும் காட்டினாள். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசல்ல வந்து நிக்கிறா. ஒருத்தரும் அவளக் கேக்கல. அவளாத்தான் சொல்றா, எனக்கு வலிக்குதுன்னு."

"அடப் பாவமே! அப்புறம்?"

"அவளுக்கு அப்புறம் என்னன்னு அடுத்த வாரம் பாப்பம்." ஞானபூரணி ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். "இப்ப நான் என்னையச் சொல்றேன். எனக்கு வலிக்குதுங்க. வலது தோளு. ஒங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்பத் தூக்கித் தூக்கி வந்தது. ராத்திரி இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல."

வியாகுலத்தின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா போயி ஆறு வருசமாச்சே, பூரணி! ஏன் சொல்லல?"

"கேப்பீகன்னு இருந்தேன்."

அவர் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். எங்கே தொட்டால் வலிக்குமோ என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் சடாரென்று எழுந்தார்.

"தைலம் எங்க இருக்கு?"

மற்ற நாளாக இருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் அவளே எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள்.

"இந்த வீட்லதான் இருக்கு. தேடுங்க."

உள்ளே அலமாரி திறந்தது. இழுப்பறை திறந்தது. என்னவோ விழுந்து உருண்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ உக்காரு!" என்றார் உள்ளேயிருந்து.

ஞானபூரணி உட்கார்ந்தே இருந்தாள்.