சந்தைவெளிக்குப் போன குடை

ராஜாராம் அந்தத் தேர்தலில் தோற்றுப் போனார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை உங்களை ஏங்க வைத்துவிட்டு அப்புறம் கையை விரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இது அவர் தோற்ற கதை இல்லை. என் கோபத்தால் என் அப்பாவின் வேலைக்கு நானே உலை வைத்த கதை.

ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். நான் உத்திரமேரூரில் ஆறாவது பாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா சடகோபனுக்குப் பெருமாள் கோயிலில் சாவிப் பொறுப்பு. பாத்திரம், வாகனம், குடை, தீவட்டி எல்லாம் அவர் கணக்கில். இருபது வருஷமாக அந்தச் சாவிக்கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்குவது மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும்தான். தர்மகர்த்தா சுந்தரவரதர் உட்காரச் சொன்னால் அப்பா உட்காருவார். எழுந்திருக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டால் அப்பா விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு மனிதர்.

ராஜாராம் மானாம்பதியில் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். அந்தப் பக்கம் அப்போது பஸ் கிடையாது. பெண் பிள்ளைகள் ஐந்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? தன் மாட்டு வண்டியில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார்; சாயங்காலம் மணி அடிக்கும்போது மறுபடி வண்டியோடு நின்றார். மூன்று வருஷம், ஒரு நாள் தவறாமல். என் சிநேகிதி சுலோச்சனா அந்த வண்டியில்தான் வருவாள். வழி நெடுகப் பாடிக்கொண்டே வருவாள். பஸ் விடச் சொல்லி மனு மேல் மனு எழுதிக் கை வலித்துப்போய், சரி நாமே நிற்கலாம் என்று அவர் சுயேச்சையாக நின்றார். சர்க்கார் அவருக்குக் குடைச் சின்னம் கொடுத்தது. அப்போதெல்லாம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான்.

அவருக்காக வேலை செய்யக் கிளம்பிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களில் ஒருவருக்கும் ஓட்டுப் போடுகிற வயது இல்லை. ஆனால் வாய் இருந்தது. அவருக்கு அதுதான் இல்லை. திருப்புலிவனத்தில் முதல் கூட்டம் போட்டார்கள். மனிதர் மைக் முன்னால் நின்று வணக்கம் சொன்னார். பிறகு வேர்க்கடலைக்கு வருகிற கம்பளிப்பூச்சியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். இறங்கிவிட்டார். ஓட்டு என்ற வார்த்தையே வரவில்லை. எதிர்த்தரப்புக்காரர்கள் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் தர்மகர்த்தா எதிர்த்தரப்பு வேட்பாளருக்கு வலது கை, அவரும் சிரித்தார்.

அதனால்தான் கச்சேரி. அவர் பேசவே வேண்டாம், மேடையில் சும்மா உட்கார்ந்தால் போதும், நாங்கள் பாடிக்கொள்கிறோம் என்று முடிவு செய்தோம். சுலோச்சனா பாட்டு. நான் ஆர்மோனியம். என் வகுப்பில் படித்த சேட்டு பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிப்பவன், அவன் தாளம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சந்தைவெளி. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஊரெல்லாம் கஞ்சிப்பசை போட்டு ஒட்டினோம். சுலோச்சனா ஐந்து பாட்டுக் கட்டியிருந்தாள். ஒன்று இப்படி வரும்:

வெயிலு வந்தா குடை வேணும்
மழை வந்தா குடை வேணும்
வாசல் தாண்டி நடக்கையிலே
வழித்துணைக்குக் குடை வேணும்.

எல்லாம் சரி, மேடைக்குக் குடை? சின்னம் கண்ணில் பட வேண்டாமா? வீடு வீடாகக் கேட்டு ஐந்து கறுப்புக் குடை சேர்த்துக் கட்டிப் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் வௌவால் தொங்குகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் சேட்டு வாயைத் திறந்தான்.

"உங்க கோயில்ல பெரிய வெள்ளைக் குடை கீதே. அத்த எடுத்தாந்தா ஊரே திரும்பிப் பாக்கும். ஆனா உனக்கு எங்க அந்தத் தைரியம் வரும்? நீயும் உங்க நைனா மாதிரிதானே."

என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அப்பாவைச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவன் சொன்னது உண்மை என்பதுதான் காரணம். அந்த வயதில் எனக்கும் அப்பாவின்மேல் அதே எரிச்சல் இருந்தது. நான் நினைக்கலாம், இவன் எப்படிச் சொல்லலாம்? எடுத்து வருகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தார். ஆணியில் சாவிக்கொத்து தொங்கியது. வாகன மண்டபத்தைத் திறக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளைப் பட்டு, ஓரமெல்லாம் ஜரிகைத் தொங்கல், உச்சியில் பித்தளைக் கலசம். அதை வேட்டியில் சுற்றி, மதிலோரச் சந்து வழியாக, யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோகச் சொல்லிச் சேட்டுவிடம் கொடுத்தேன். பூட்டினேன், சாவியை ஆணியில் மாட்டினேன், தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்தேன். கச்சேரி முடிந்ததும் இருட்டுவதற்குள் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

சேட்டுவின் புத்தி அதற்கும் கீழே. சந்து முனை தாண்டியதும் அவனுக்கு ஒரு யோசனை. இத்தனை பெரிய குடையை மூடிக்கொண்டு போனால் யாருக்கு விளம்பரம்? விரித்துவிட்டான். கூட வந்த பேண்டுப் பையனை முன்னால் விட்டு டிரம் அடிக்கச் சொன்னான். இரண்டு பேரும் நடுத்தெருவில் நடந்தார்கள்.

எங்கள் ஊரில் அந்த வெள்ளைக் குடை விரிந்து தெருவில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே பெருமாள் வருகிறார். வாசலுக்கு வந்து நின்று பார்க்கிற வரை யார் காத்திருப்பார்கள்? மதிலுக்கு மேலே கலசம் தெரியும், மேளச் சத்தம் கேட்கும். உடனே உள்ளே ஓடித் தட்டை எடுப்பார்கள். மாசி மாதத்தில் எந்தப் புறப்பாடு என்றைக்கு என்று யார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

நான் ரிப்பன் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவெல்லாம் ஈரம். வாசலுக்கு வாசல் புதுக் கோலம். பக்கத்து வீட்டுப் பார்வதம் மாமி வெற்றிலை, தேங்காய், கற்பூரத்தோடு தட்டை ஏந்திக்கொண்டு ஓடினாள். என்ன மாமி என்று கேட்டேன். பெருமாள் சந்தைவெளிக்கு எழுந்தருளுகிறார், சாவி வைத்திருக்கிறவன் பெண்ணுக்கே தெரியாதா என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.

சந்தைவெளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முந்நூறு பேர் இருப்பார்கள். ஐம்பது பேர் வந்தாலே பெரிது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். முந்நூறு பேர் கையிலும் தட்டு. மேடையில் குடை ஜம்மென்று நின்றது. அதன் கீழே ஒரு நாற்காலி, வேட்பாளருக்கு. சேட்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பார்த்தாயா கூட்டத்தை என்றான். அவனை அங்கேயே கடித்துக் குதறலாம் போல் இருந்தது.

ராஜாராம் மேடைப் பக்கமே வரவில்லை. தூரத்தில் தன் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்று குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கும் புரிய ஆரம்பித்தது. பெருமாள் எங்கே என்று ஒருவர் கேட்டார். பெருமாள் இடத்தில் ஓட்டுக் கேட்கிறவனா உட்காரப் போகிறான் என்று இன்னொருவர் கேட்டார். சுலோச்சனா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தர்மகர்த்தா சுந்தரவரதர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் மேல்துண்டுகூட இல்லாமல், கையில் சாவிக்கொத்தோடு மூச்சு வாங்க என் அப்பா. தர்மகர்த்தா குடையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ராஜாராமின் ஓட்டெல்லாம் ஒரே சாயங்காலத்தில் மண்ணாகிவிட்டதே.

"இன்னா சடகோபா, இருபது வருஷம் சாவி வெச்சிருந்தது இதுக்குத்தானா? நாளைக்குக் காலையில கொத்தை என் வூட்டுல கொண்டாந்து குடுத்துடு" என்றார், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கழுத்து குனிந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இந்தச் சம்பளம் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, அந்தச் சாவி இல்லாமல் அவர் யார்?

ராஜாராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார். இந்த முறை கம்பளிப்பூச்சி வரவில்லை.

"குடையை நான்தான் கேட்டேன். சடகோப சாமிக்கு இதுல ஒண்ணும் தெரியாது, பசங்களுக்கும் தெரியாது. எனக்கு ஒருத்தரும் வோட்டுப் போடாட்டிப் போங்க. அவரு வேலையை மட்டும் எடுக்காதீங்க."

பச்சைப் பொய். மூன்று வருஷம் வண்டி ஓட்டின மனுஷர் ஒரே நிமிஷத்தில் தன்னையே குப்பையில் போட்டுக்கொள்கிறார். எனக்குப் பொறுக்குமா? மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினேன்.

"அவர் சொல்றது பொய். சாவியை எடுத்தது நான். அப்பா தூங்கிண்டிருந்தார். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்கோ" என்று கத்தினேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. முந்நூறு பேர் முன்னால் மூக்கைச் சிந்தினேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக நடந்து வந்து குடைக்காம்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இருபது வருஷத்தில் தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தர்மகர்த்தாவாள், சாவியை நாளைக்குக் கொடுத்துடறேன். ஆனா பெருமாள் குடை விரிஞ்சு வெளியே வந்துடுத்து. அது தனியாத் திரும்பப்படாது. பஜனையோட திரும்பணும், தர்மகர்த்தா முன்னாடி நடக்கணும். கோயில் வாசல்ல அவருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை பண்ணணும். அதுதான் வழக்கம். ஜனங்க தட்டோட நிக்கறா. உடைக்காத தேங்காயை ஆத்துக்கு எடுத்துண்டு போகச் சொல்றேளா?"

கூட்டம் அப்படியே தர்மகர்த்தா பக்கம் திரும்பியது. முந்நூறு தட்டும் திரும்பியது. பார்வதம் மாமி, ஆமாம் அதுதானே முறை என்று உரக்கச் சொன்னாள். அவளுக்கு எந்த முறை தெரியும், பாவம். ஆனால் சொன்னாள். நாலு பேர் பின்பாட்டுப் பாடினார்கள். பரிவட்டம், முதல் மரியாதை என்று காதில் விழுந்ததுமே தர்மகர்த்தாவின் முகம் கொஞ்சம் இளகியது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

பஜனைக்கு எங்களிடம் எங்கே பாட்டு? சுலோச்சனாவுக்கு அந்தப் பதற்றத்தில் வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. வெயிலு வந்தா குடை வேணும் என்று ஆரம்பித்துவிட்டாள். சேட்டு டிரம்மில் மெதுவாகத் தாளம் போட்டான். இரண்டாவது தெரு திரும்புவதற்குள் ஜனங்களுக்குப் பாட்டுப் பழகிவிட்டது. வழித்துணைக்குக் குடை வேணும் என்று முந்நூறு பேரும் உருகி உருகிப் பாடினார்கள். எதிர்த்தரப்பு வேட்பாளரின் வலது கை, குடைக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நடந்தது. எல்லாருக்கும் கடைசியில், தன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ராஜாராம் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார் என்று சுலோச்சனா பிற்பாடு சொன்னாள்.

கோயில் வாசலில் பட்டர் பரிவட்டம் கட்டினார். தேங்காய்கள் படபடவென்று உடைந்தன. எங்கள் கச்சேரியில் அந்த ஒரே பாட்டுதான் அரங்கேறியது.

 மறுநாள் காலையில் அப்பா குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை ஒரு துணியில் முடிந்துகொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று இருந்தேன்.

தர்மகர்த்தா கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பரிவட்டத்தைப் பக்கத்திலேயே மடித்து வைத்திருந்தார். காலையிலிருந்து நாலு பேர் வந்து, நேற்று தேவரீர் முன்னால் நடந்தது கண்கொள்ளாக் காட்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா துணி முடிச்சை அவர் முன்னால் வைத்தார். அவர் முடிச்சைப் பார்த்தார், பரிவட்டத்தைப் பார்த்தார். நேற்று நடந்தது திருட்டு என்றால் அந்தப் பரிவட்டம் என்ன கணக்கு? அது அவருக்கும் புரியாமல் இல்லை.

"எடுத்துக்கினு போ சடகோபா. அடுத்த மாசியில இதே நாள் வெச்சுக்கலாம். முன்கூட்டியே சொல்லிடு, நான் ஊர்ல இருக்கணும்" என்றார்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம். மானாம்பதி வண்டி எங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் பக்கம் போயிற்று. ராஜாராம் அப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். உள்ளேயிருந்து சுலோச்சனா கையை ஆட்டினாள். அப்பா முடிச்சை அவிழ்த்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏம்ப்பா, குடை திரும்பறச்சே தர்மகர்த்தா முன்னாடி நடக்கணும்னு நிஜமாவே வழக்கம் உண்டா?"

அப்பா நாலடி நடந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"நேத்துச் சாயங்காலத்திலேருந்து உண்டு" என்றார்.