நடுத்தெருவில் ஓர் எல்லை

அந்த ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது; நாடுகள்தான் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேற்கே இருந்தவர்களின் கை ஓங்கினால் ஊர் அவர்களுக்கு, கிழக்கே ஓங்கினால் இவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் புது அதிகாரிகள் வந்து எல்லைக்கல் நட்டு, வீராவேசமாகப் பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு கிளம்புவார்கள். நன்றாகச் செதுக்கிய கல்லை வெயிலில் வீணாகப் போட அங்கே யாருக்கும் மனசு வராது. ஒரு ராஜா நட்ட கல் ரொட்டிக்கடை அடுப்புக்கு முட்டுக் கொடுத்தது. ராஜாவை விரட்டியவர்கள் நட்ட கல்லில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். ஊரின் சரித்திரம் வேண்டுமென்றால் வீடு வீடாகப் புகுந்து கொல்லைப்புறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முடிதிருத்தும் கடைக்காரரிடமும் ஒரு கல் இருந்தது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் கால் வைத்துக்கொள்ள வசதி. அன்று காலை அதன்மேல் கால் நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் நுரையோடு, ஒரு நெட்டை அதிகாரியும் அடுத்து ஒரு குட்டை அதிகாரியும் சவரம் செய்துகொண்டார்கள். இரண்டு அரசாங்கமும் சண்டை போட்டு அலுத்துவிட்டதாம். ஊருக்குள் பழைய கல் எங்கே நிற்கிறதோ அதுதான் இனி நிரந்தர எல்லையாம். ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்திருக்கிற தாங்கள் இருவரும் இன்றைக்கே கயிறு கட்டிக் கோடு போட்டுவிடப்போவதாகச் சொன்னார் நெட்டை. காலடியில் இருந்ததை இருவருமே குனிந்து பார்க்கவில்லை.

கடைக்காரருக்கு ரகசியம் என்றால் வயிற்றில் தங்காது. துண்டு காய்வதற்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. தன் வீட்டுக்குள் எல்லை வருவதை யார்தான் விரும்புவார்கள்? ரொட்டிக்கடைக்காரர் தன் கல்லைக் கன்றுக்குட்டிக்காரர் கொட்டகையில் தள்ளினார். கன்றுக்குட்டிக்காரர் தன்னுடையதை ரொட்டிக்கடை விறகுக்குப் பின்னால் ஒளித்தார். இப்படியே ஊர் முழுக்க வேர்த்து விறுவிறுத்துக் கல் தூக்கியதில், கற்கள் வீடு மாறின. வேறு எந்தப் பலனும் இல்லை.

கடைக்காரருக்குக் கவலை வேறு. அவர் மனைவி கோபித்துக்கொண்டு தெருவின் கீழ்க்கோடியில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது. காரணம் அவர் வாய்தான். அவள் விடும் குறட்டையை வாடிக்கையாளர் ஒருவருக்கு நடித்துக் காட்டினார். கடை சிரித்தது, சாயங்காலத்துக்குள் தெரு சிரித்தது, மறுநாள் அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். அவளாக வரட்டும் என்று வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு இப்போதுதான் உறைத்தது. மேல்கோடியில் இருக்கும் தன் கடையில் கல் கிடந்தால், பெண்டாட்டி வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவாள்.

கடையைச் சாத்தினார். மாமியார் வீட்டையும் தாண்டிக் கல்லைப் போட்டுவிட்டால் அவளும் இந்தப் பக்கமே இருப்பாள் என்று கணக்குப் போட்டு, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு வீட்டுக்கு ஒரு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். பாதித் தெருவில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவர் மனைவி. அம்மா வீட்டுத் துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் ஏதோ ஒரு காலத்து எல்லைக்கல்தான்.

எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார். "உங்க கடைக்கு அந்தாண்ட போடத்தான்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். இருவரும் கல்லைக் கீழே வைத்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து அதிகாரிகள் தெருவுக்குள் திரும்பினார்கள். காலையிலிருந்து விறகு, அடுப்பு, சாணம் என்று தேடி நொந்துபோயிருந்தவர்கள், இரண்டு ஆட்சிகளின் கற்கள் தோளோடு தோள் நிற்பதைக் கண்டதும் பூரித்துப்போனார்கள். இந்த ஊரில் ஒத்துப்போகிற ஒரே சாட்சி இதுதான், எல்லை இங்கேதான் என்று குட்டை அதிகாரி கயிற்றை அவிழ்த்தார். இப்போதுதான் சுமந்து வந்தோம் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அவ்வளவு கனமான கல்லை ஒரு பெண் உருட்டி வந்தாள் என்பதை நெட்டை நம்பத் தயாராக இல்லை. கயிறு கணவன் மனைவி இருவருக்கும் நடுவே விழுந்தது.

யாராக இருந்தாலும் ஒரு பக்கம் நில்லுங்கள் என்றார் குட்டை. அவள் நகரவில்லை.

"கடையில நாலு பேர் முன்னாடிதானே என் குறட்டையை நடிச்சுக் காட்டினீங்க. இப்பவும் நாலு பேர் முன்னாடி சொல்லுங்க."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஊர் வம்பெல்லாம் அளந்த வாயைக் கடைக்காரர் ஒரு தரம் துடைத்துக்கொண்டார். "நான் பண்ணினது தப்புதான்," என்றார். "நீ இல்லாம வீடு வீடா இல்ல. வா, போகலாம்."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "போடி," என்றாள் மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்த மாமியார். "தினமும் அவரைத் திட்டுற சாக்குல அவரைப் பத்தியேதான பேசிட்டிருந்த."

அவள் கயிற்றைத் தாண்டினாள். நெட்டை அதிகாரி மரியாதையாக அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

எல்லையில் பிறகு கம்பிவேலியும் ஒரு கதவும் வந்தன. அம்மாவைப் பார்க்க அவள் அனுமதி வாங்கித்தான் போகிறாள். கதவுக்காரர் ஒவ்வொரு முறையும் பயணத்தின் காரணத்தைக் கேட்பார். கோபம் என்பது அவர்கள் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் இல்லை. அதனால் கணவன் மனைவி சண்டையை அன்றன்றைக்கு வீட்டிலேயே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறக்கிறார்.