நாடியில் போட்ட தையல்

பருத்தித்துறைச் சந்தையில் மீன் ஏலம் கூற என் மனுசனை விட்டால் ஆளில்லை என்று நான் சொன்னால், பெண்சாதி வேறென்ன சொல்லுவாள் என்பீர்கள். ஊரைக் கேட்டுப் பாருங்கள். பஞ்சலிங்கம் தொண்டையைத் திறந்தால் கரைக்கு வரும் வள்ளத்துக்கே விலை கேட்கும்.

எழுபத்தேழாம் ஆண்டு துருப்பிடித்த தூண்டில் காலில் ஏறி, தாடை இறுகி உடம்பு விறைக்கும் ஏற்புவலி அவருக்குக் கண்டது. ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டு, கிழமைக் கணக்காய் மெசினால் மூச்சுக் கொடுத்து உயிரை மீட்டார்கள். அந்தக் குழாயை நான் கும்பிடுகிறேன். ஆனால் அது நெடுநாள் அழுத்திய இடம் புண்ணாகி, ஆறும்போது மூச்சுக்குழல் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபின் மூச்சு முட்டியது. கடைசியில் கழுத்தில் துளை போட்டு வெள்ளிக் குழல் வைத்தார்கள். மூச்சு வந்தது, குரல் போனது. சந்தையில் அவருடைய இடத்தில், அவரிடம் ஏலம் கூறப் பழகிய கிறகோரி நின்றான். இவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீமையில் படித்து வந்த டொக்டர் சோமசேகரம்தான் வழி சொன்னார். "சுருங்கின துண்டை வெட்டி எடுத்துப்போட்டு, ரெண்டு நுனியையும் சேர்த்துத் தைக்கலாம். ஆனா புண் ஆறுமட்டும் கழுத்து நிமிரக்கூடாது. நிமிர்ந்தா உள்ளை தையல் அறும்."

அப்படியே செய்து, வெள்ளிக் குழலையும் எடுத்துவிட்டார். கழுத்து நிமிராதிருக்க, தடித்த நூலால் வாய்க்குக் கீழே நாடியையும் நெஞ்சோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

இதில்தான் வில்லங்கம். எங்கள் சந்தையில் வாங்குகிறவன் வாய் திறக்கமாட்டான். நாடியைச் சற்று உயர்த்துவான், அதுதான் ஏலக் கேள்வி. விலையை முடிக்கும்போது ஏலம் கூறுகிறவரும் நாடியை மேலே ஒரு வெட்டு வெட்டுவார். அது இவருக்கு எலும்பில் ஊறிய பழக்கம்.

பார்க்க வந்த கிறகோரி நல்லவன்தான். வாய்தான் சும்மா இருக்காது. அன்று விற்ற அறுக்குளா மீனைப் பற்றிச் சொல்ல வந்தவன், கட்டிலடியில் நின்று ஏலமே கூறத் தொடங்கிவிட்டான். விலை ஏற ஏற இவர் கண் மின்னியது. "ஒருதரம், ரெண்டுதரம்..." என்றான் அவன். இவர் கழுத்து அசைந்தது. நான் பாய்ந்து தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். நாடித் தையலில் இரத்தம் கசிந்தது.

"உந்த வாயை மூடடா, நாசமாப் போவானே! ஆளைக் கொல்லவோ வந்தனீ?"

"இல்லையக்கா, அண்ணையைச் சந்தோசப்படுத்துவம் எண்டு..."

"எழும்பிப் போ!"

டொக்டர் வந்து பார்த்தார். "உள்ளை ஒண்டும் அறேல்லை. நீங்கள் பிடிச்சிராட்டி வேறை கதை, அம்மா."

நூலை வெட்டிய அன்று, "கதையுங்கோ" என்றார் டொக்டர். இவர் பயந்து பயந்து வாய் திறந்தார்.

"இஞ்சை, பசிக்குது."

கரகரப்புத்தான். ஆனாலும் அவருடைய குரல். ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்க நான் அழுதேன்.

உடம்பு தேறியதும் சந்தைக்குப் போனோம். கிறகோரி தானாகவே விலகி இடம் விட்டான்; அதற்காகவே அவனை மன்னித்தேன். பெரிய அறுக்குளா ஒன்று கிடந்தது. இவர் செருமினார். பிறகு அந்தக் குரல் எழும்பியது. வள்ளத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரிகளின் நாடி உயர உயர விலை ஏறியது. நான் பெருமை தாங்காமல் முகத்தை நிமிர்த்தி ஊரைப் பார்த்தேன்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்!" கழுத்துத் தழும்பு வெயிலில் தெரிய, நாடியை மேலே ஒரு வெட்டு வெட்டினார். "குணலட்சுமிக்கு!"

என் பேரைக் கேட்டுச் சந்தையே சிரித்தது. "ஐயோ, நான் கேக்கேல்லை!" என்றேன்.

"நாடி உயர்ந்தது. நான் கண்டனான்."

ஏலம் ஏலந்தான். மீனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும், அது ஆர் கூறின மீன் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன்.