விருந்தாளிக்கு வைத்த குடல்

"உங்க ஊர்ச் சாப்பாடெல்லாம் சாப்பிட்டுப் பாக்கணும்" என்று கொரின் தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து மேவிஸ் கிரிம்ஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ச் சாப்பாடு என்றால் எது? வாரத்தில் பாதி நாள் அவள் தின்பது பாக்கெட் நூடுல்ஸ். சனிக்கிழமையானால் தெருமுனை வங்காளிக் கடையிலிருந்து கோழிக் குழம்பு வரும். இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் வெளியே தங்காதவள்தான். ஆனால் எழுபது வருஷத்துக்கு மேல் அங்கே குப்பை கொட்டியவளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கேட்டது வேறு யாராவது என்றால் எதையோ பொங்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். கொரின் அவள் பெற்ற மகள். பதினெட்டு வயதில், கல்யாணமாகாமல் பெற்று, பால்குடி மறக்கும் முன்னே தத்துக் கொடுத்த பிள்ளை. வாங்கிக்கொண்டவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்தப் பெண்ணே தேடிக் கண்டுபிடித்து, "மேவிஸ், நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். மேவிஸின் கணவன் இதைத் தெரிந்துகொள்ளாமலே செத்துப்போனான். வேறு பிள்ளை கிடையாது. வருகிறவள் இன்னொரு தடவையும் வர வேண்டும், அவ்வளவுதான் மேவிஸுக்கு வேண்டியது. அதற்கு முதலில் சாப்பாடு பிடிக்க வேண்டுமே.

பக்கத்து வீட்டு டோரீனிடம் யோசனை கேட்டாள்.

"யாரு வர்றாங்க?"

"கனடாவிலேருந்து ஒரு விருந்தாளி" என்றாள் மேவிஸ். மகள் என்பதைச் சொல்லவில்லை.

"மாட்டுக்கறியும் குண்டிக்காயும் மாவுக்குள்ள வச்சு புட்டிங் அவிச்சுப் போடு. அதத் தின்னுட்டுப் பேச்சே வராது."

டோரீனின் கணவன் ஆல்ஃப் செய்தித்தாளை மடித்தான். "கொடல்தான். மாட்டுக்கொடலும் வெங்காயமும், பால்ல வேகவச்சு. அதுதான் நம்ம ஊர் சாப்பாடு."

"அத உங்கம்மா போனதுக்கப்புறம் இந்தத் தெருவுல யாரு தின்னாங்க?"

"யாரும் திங்கிறதில்ல. அதனாலதாண்டி அது பாரம்பரியம்."

மேவிஸ் குழம்பிப்போய் இரண்டையும் சமைப்பதென்று முடிவு பண்ணினாள். கூடவே கருப்புப் புட்டிங், உலர்திராட்சை வைத்த எக்கிள்ஸ் கேக் என்று தலைக்குள் சேர்ந்துகொண்டே போனது.

ரயில் நிலையத்தில் அடுத்த குழப்பம். மேவிஸ் கையைக் குலுக்க நீட்டினாள், கொரின் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்தாள். உடனே மேவிஸ் விரிக்க, அவள் குலுக்க நீட்டினாள். கடைசியில் மேவிஸ் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "மழை நின்னுடுச்சு" என்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் ராத்திரி புட்டிங் வைத்தாள். கொரின் தின்றாள். "ரொம்ப அருமையா இருக்கு" என்றாள்.

அந்த ஊரில் அருமை என்ற சொல்லுக்குக் காலணா மதிப்பு கிடையாது. பல் பிடுங்கிக்கொண்டு வாயில் ரத்தத்தோடு எழுந்திருக்கிறவளும் டாக்டரிடம் அருமை, நன்றி என்றுதான் சொல்வாள். டோரீன் சுடும் கருகல் கேக்கை மேவிஸே நாற்பது வருஷமாக அருமை என்று சொல்லித்தானே தின்று வருகிறாள்? இந்தப் பெண் சொல்வது எந்த அருமை? கனடாக்காரர்களின் அருமை நிஜமோ என்னவோ. அதை யாரிடம் போய்க் கேட்பது?

காலையில் கருப்புப் புட்டிங்கை வட்ட வட்டமாக வறுத்து வைத்தாள். "இதுல என்ன போடுவாங்க?" என்று கேட்டாள் கொரின். "பன்னி ரத்தம், கண்ணு. கொஞ்சம் ஓட்ஸு." கொரின் ஒரு வட்டத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தின்றுவிட்டு, "அருமை" என்றாள். மத்தியானம் எக்கிள்ஸ் கேக்குடன் ஒரு துண்டு சீஸை வைத்தபோது, இனிப்புக் கேக்குக்கு எதற்குச் சீஸ் என்று புரியாமல் திருதிருவென்று விழித்தாள். இரண்டையும் தின்றாள். அதுவும் அருமைதான். அன்றைக்கெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டது சாப்பாட்டைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் மட்டுமே. நடுவில் கிடந்த ஐம்பது சொச்ச வருஷத்தை யாரும் தொடவில்லை. இவள் அடுத்த தடவை வரமாட்டாள் என்று மேவிஸுக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோன்றத் தோன்ற இன்னும் அதிகமாகச் சமைத்தாள்.

கடைசி நாள் குடல். சந்தையில் அதை விற்கிற கடை ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கடைக்காரர், "நாய்க்கா?" என்று கேட்டார். மேவிஸ் காசைக் கொடுத்து வாங்கி வந்தாள். பாலில் வெங்காயத்தோடு அது கொதிக்கக் கொதிக்க வீடு முழுக்க ஈர நாய் வாடை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குடல் ஆகாது. அம்மா போட்டால் தின்பதுபோல் பாவனை பண்ணி, மசித்த உருளைக்கிழங்குக்கு அடியில் தள்ளி மறைப்பாள். இன்றைக்கு அதையே வெள்ளை வெளேரென்று இரண்டு தட்டில், மசித்த கிழங்குக்குப் பக்கத்தில் ஊற்றி மேஜையில் வைத்தாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். மேவிஸ் ஒரு துண்டை மெல்லாமலே விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நல்லாருக்கு இல்ல?" என்றாள்.

"அருமை" என்றாள் கொரின்.

சற்று நேரத்தில் கொரினின் தட்டு முக்கால்வாசி காலியானது. மேவிஸுக்கு நம்ப முடியவில்லை. பிடித்துவிட்டதா? இதுவா? ஆல்ஃப் சொன்னது சரிதானா? எழுந்து போய்ச் சட்டியைக் கொண்டுவந்து இன்னொரு கரண்டி நிறைய வைத்தாள். வைக்கும்போது கரண்டி இடித்து மசித்த கிழங்கு சரிந்தது. அடியில் குடல் அத்தனையும் பத்திரமாக இருந்தது.

மேவிஸ் சட்டியைக் கீழே வைத்தாள்.

கொரின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க மேவிஸ். இத என்னால திங்க முடியல. நாறுது. அந்த ரத்தமும் எனக்குப் பிடிக்கல. நீங்க இவ்ளோ பாடுபட்டு..."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது மேவிஸுக்கு. சந்தோஷமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் யாரும் அவள் மேஜையில் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுப் பிள்ளைதான் இப்படித் தட்டைத் தள்ளும். மறைத்தது அகப்பட்டபோது தன் அம்மாவிடம் அவளும் தள்ளியிருக்கிறாள், அடியும் வாங்கியிருக்கிறாள்.

"எனக்கும் பிடிக்காது" என்றாள். "சின்ன வயசுலேருந்தே கொமட்டும்."

"அப்புறம் ஏன் சமைச்சீங்க?"

"நீ ஊர்ச் சாப்பாடு கேட்டியே."

"நான் கேட்டது நீங்க திங்கிறத" என்றாள் கொரின். "உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு எதுவுமே தெரியாதே."

மேவிஸ் இரண்டு தட்டையும் எடுத்துக் குப்பையில் கொட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு மூலையிலிருந்த வறுவல் கடைக்குப் போய், சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு வந்தாள். வெள்ளை ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, வறுவலை அள்ளி வைத்து, வினிகர் தெளித்து, மேலே இன்னொரு ரொட்டியை வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள்.

"உன்ன வயித்துல வச்சிருந்தப்ப இதுக்குத்தான் உயிர விடுவேன்" என்றாள், கொரினின் முகத்தைப் பார்க்காமல். "வயிறு தெரியாம இருக்க எங்கப்பா கோட்டப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போவேன். நின்ன எடத்துலயே தின்னுட்டு வருவேன்."

கொரின் தின்றாள். அருமை என்று சொல்லவில்லை. தாடையில் வழிந்த வெண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். இரண்டாவதையும் முடித்த பிறகு, "அடுத்த தடவ நான் வறுக்கிறேன். கடை வறுவல் கொஞ்சம் சொதசொதன்னு இருக்கு" என்றாள்.

அடுத்த தடவை என்று சொல்லிவிட்டாளே. மேவிஸ் கெட்டிலை அடுப்பில் வைக்க எழுந்து போய், அங்கேயே கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுநாள் கொரினை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினாள். பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் டோரீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உன் விருந்தாளிக்குக் கொடல் பிடிச்சுதா?"

"விருந்தாளி இல்ல, டோரீன். எம் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி பெத்தது."

டோரீன் ஈரச் சட்டையைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது அந்த ஊரில் எல்லோரும் சொல்வதையே அவளும் சொன்னாள்.

"அப்படியா. ரொம்ப அருமை."

"அவளுக்குக் கொடல் சுத்தமா பிடிக்காது" என்றாள் மேவிஸ், பெருமையாக.