மஞ்சள் போர்வைக்குள் எல்வீரா

நான்கு மாதம் என் மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த நான்கு மாதத்தில்தான் எனக்கு நல்ல நடிகன் என்று பெயர் வந்தது.

மனைவி என்றால் தொடரில் மனைவி. மதியச் சாப்பாடு முடிந்து பாதி ஸ்பெயின் சோபாவில் சாய்ந்திருக்கும் நேரத்தில் ஓடுகிற 'சுண்ணாம்புத் தெரு'வில் நான் மருந்துக் கடைக்காரர் தோன் ரமோன். என் மனைவி எல்வீரா தொப்பிக் கடை வைத்திருப்பவள். கதை நடப்பது ஐம்பதுகளின் மாட்ரிட்டில். படப்பிடிப்பு நடப்பது ஊருக்கு வெளியே, டயர் கிடங்குக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் நடுவில். எல்வீராவாக ஏழு வருடம் நடித்தவள் நியேவெஸ் பராஓனா. என் நிஜப் பெயர் ஃபெர்மின். தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

நியேவெஸ் அல்பாசேத்தேயில் கத்திக் கடைக்காரரின் மகள். பள்ளி முடிந்ததும் மாட்ரிட்டுக்கு வந்து, பழைய செய்யுள் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன ஒரு குழுவில் சேர்ந்தாள். அல்மாக்ரோவின் மரத்தாலான பழைய அரங்கில் அவள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அன்று நான் அவளுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்ற சேவகன். மூச்சு எங்கே விடுகிறாள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அடுத்த வரியைக் கேட்கும் ஆசையில் ஈட்டியைக் கீழே போட்டுத் திட்டு வாங்கினேன்.

அப்புறம் வழக்கமான கதைதான். குழுவுக்கு வந்த மானியம் நின்றது, குழுவும் நின்றது. தொலைக்காட்சியில் நர்ஸ் ஆனாள், பாதிரியாரின் தங்கை ஆனாள், போலீஸ்காரனின் அம்மா ஆனாள். அந்தப் போலீஸ்காரனுக்கு அவளைவிட ஆறு வயதுதான் குறைவு. கடைசியில் எல்வீரா கிடைத்தாள். நியேவெஸ் அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு மாதாமாதம் வேலை என்பது லாட்டரி விழுந்த மாதிரி.

பிப்ரவரியில் எல்வீரா மேல் டிராம் மோதியது. கதையை இளசுகள் பக்கம் திருப்பச் சொல்லிச் சேனலிலிருந்து உத்தரவாம். எல்வீராவைக் கொல்வதா வைத்துக்கொள்வதா என்று எழுத்தாளர்களால் முடிவு செய்ய முடியவில்லை. அதுவரை நினைவில்லாமல் படுத்துக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே தகராறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் போர்வை விரித்திருந்தார்கள். எங்கள் மேடைக்காரர்களுக்கு மஞ்சள் ஆகாது. மஞ்சள் உடுத்தி மேடை ஏற மாட்டோம், மஞ்சள் பூவை ஒப்பனை அறைக்குள் விட மாட்டோம். நியேவெஸ் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தம்பி, இதை மாத்து," என்றாள் இயக்குநர் ஈக்கெரிடம்.

ஈக்கெருக்கு மீசை ஒழுங்காக முளைக்காத வயது. "வெள்ளைச் சுவருக்கு மஞ்சள்தான் எடுப்பா இருக்கும், நியேவெஸ். இது மேடை இல்லையே, ஸ்டூடியோதானே."

"இதுல என்னைப் படுக்க வெச்சீங்கன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன், பாத்துக்கோ."

"அதுதாங்க காட்சியே," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் வேலை கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளிடம் பேசுவது. காதல், மன்னிப்பு, மகளின் கல்யாணக் கவலை, கடை வாடகை எல்லாம் பேசினேன். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் எந்த முட்டாளும் நல்ல நடிகன் ஆகிவிடலாம். பத்திரிகையில் என்னைப் பாராட்டி எழுதினார்கள். வசந்த காலத்தில் ஒரு விருது கூட வந்தது. நன்றி சொல்லும்போது நியேவெஸ் பெயரையும் சொன்னேன். ஒளிபரப்பில் அதை வெட்டிவிட்டார்கள்.

"ஏன்யா புருஷா," என்பாள் இடைவேளையில், முட்டை அடையை ரொட்டிக்குள் வைத்துக் கடித்துக்கொண்டே. "நான் உசிரோட இருந்த வரைக்கும் 'காபி எங்கே'ன்னு மட்டும்தான் கேட்டே. இப்போ வாய் மூட மாட்டேங்கிற."

"நீ குறுக்கே பேசறதில்ல, அதான்."

"படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறேன்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்களாம். அம்மா கேட்டா என்ன நெனப்பாளோ."

சிரித்தாள். ஆனால் கண் மூடிக் கிடக்கும் காட்சிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கடன் முழு மாதத்துக்கும் இருந்தது.

மே மாதத்தில் அவுரேலியோ அவளைக் கூப்பிட்டார். அவள் இளவயதில் இருந்த குழுவை நடத்தியவர் அவர்தான். ஊர் நடுவில் நகராட்சி அரங்கம் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. புது நாடகம், நவம்பரில் முதல் காட்சி. சுரங்கத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், கடைசி அரைமணி நேரம் மேடையில் அவள் ஒருத்தி மட்டும். கோடை முடிந்ததும் தினமும் காலையில் ஒத்திகை. தொடரில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. ஜூன் கடைசியில் வரும் சான் ஹுவான் திருவிழாவுக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"போயிடு," என்றேன். "இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"நாடகம் எத்தனை வாரம் ஓடும்? ஆறு? எட்டு? அப்புறம்?"

"அப்புறம் அப்புறம் பாத்துக்கலாம். ஒனக்கு வாய் இருக்கு நியேவெஸ். இங்கே அதை மூடித்தானே வெச்சிருக்காங்க."

"எல்வீரா முழிச்சிட்டான்னா? நான் இல்லைன்னா வேற எவளையாவது படுக்க வெச்சிடுவாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு, ஃபெர்மின். வேலையில்லாம வீட்ல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த வீடு எனக்கு மறுபடி வேண்டாம்."

அந்த மாதிரி வீட்டில் நானும் இருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நீளமான வசனம். எழுந்திரு எல்வீரா, உன் கடை பூட்டிக் கிடக்கிறது, கண்ணாடியில் தூசி, ஜன்னலில் நீ வைத்த தொப்பி அப்படியே இருக்கிறது, கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல. எழுதியவன் பெரிய ஆள் இல்லை; ஆனால் வசனம் நன்றாக வந்தது. பாதியில் அவள் இடது கண்ணோரத்தில் நீர் கோத்து, மெதுவாகக் காதுப் பக்கம் வழிந்தது. கேமராக்காரன் கெட்டிக்காரன், நெருங்கிப் போனான். ஈக்கெர் நிறுத்தவில்லை.

"போர்வைத் தூசி," என்றாள் பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் நம்பவில்லை.

அந்தக் கண்ணீர் ஒளிபரப்பானதும் நாடு கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எல்வீரா கேட்கிறாள், எல்வீராவுக்குத் தெரிகிறது, அவளை எழுப்புங்கள் என்று ஆயிரக்கணக்கில் செய்திகள். முடிவெட்டும் கடைகளில், மீன் கடைகளில் அதே பேச்சு. தயாரிப்பாளர் மென்சியா ஸ்டூடியோ உணவகத்துக்கே வந்து நியேவெஸைக் கட்டிக்கொண்டாள். மென்சியாவுக்கு எல்லோரும் செல்லம்தான். வேலையை விட்டு அனுப்பும்போது கூடச் செல்லம் என்றுதான் சொல்வாள்.

"செல்லம், நீ எங்க சொத்து. எல்வீரா இல்லாம அந்தத் தெருவே இல்ல. அடுத்த சீசன் முழுக்க அவ இருப்பா, எழுதி வெச்சுக்கோ."

நியேவெஸ் அன்று சாயங்காலமே அவுரேலியோவிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் கெஞ்சவில்லை. சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகம் கோணியது, உடனே சரிசெய்துகொண்டாள்.

ஜூலையில் நியேவெஸைப் புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நீல வெல்வெட் உடை, முத்துமாலை, தலை அலங்காரத்துக்கே அரைநாள். நான் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போயிருந்தேன். அவள் போன் செய்தபோது குரல் சிறு பெண்ணின் குரலாக இருந்தது.

"போஸ்டருக்கு எடுத்திருக்காங்க. என்னை நடுவுல உக்கார வெச்சு. மத்தவங்க யாரையும் கூப்பிடல, தெரியுமா? நாடியைத் தூக்கு, கண்ணுல கொஞ்சம் மன்னிப்பு வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான் அந்தப் பையன்."

"மன்னிப்பா? யாரை மன்னிக்கணும்?"

"ஒன்னைத்தான். வேற யாரை?"

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெயில், பீர், சோம்பல். ஒன்றும் உறைக்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் எல்லோரும் கூடிக் கதை வாசிக்கும் நாள். நியேவெஸ் வரவில்லை. அவளுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வழியில், தொடரில் எங்கள் வீட்டுக் கூடமாக வரும் அரங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு பேர் ஏணி போட்டு, கணப்புக்கு மேலே பெரிய சட்டம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நீல வெல்வெட், முத்துமாலை. எண்ணெய் ஓவியம் மாதிரி தெரியும்படி புகைப்படத்தின் மேல் ஏதோ பூசியிருந்தார்கள். சட்டத்தின் மூலையில் கறுப்புத் துணி.

எங்கள் தொடர்களில் சீசனுக்குச் சீசன் காலம் தாவும். இந்த முறை பன்னிரண்டு வருடம் தாவியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் எங்கேயோ, யாரும் பார்க்காத ஓர் இடத்தில், எல்வீரா செத்துப் போயிருந்தாள். சாவுக்கென்று ஒரு காட்சி கூட எழுதவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மென்சியாவைக் கேட்டேன்.

"அவளோட ஏஜென்ட்டுக்கு ஆபீஸ்லேருந்து சொல்லியிருப்பாங்க, செல்லம். ஆனா சீசன் முழுக்க அவ இருக்கா பாரு, தெனம் அவ முகம் வரும். நீ பேசறதெல்லாம் இனிமே அந்தப் படத்துக்கிட்டதான். பிரமாதமா இருக்கும்."

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. வசனத்தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"என்ன புருஷா, வாசிப்பு ஆரம்பிச்சாச்சாமே? எனக்கு யாரும் சொல்லல. நான் எந்த எபிசோட்ல கண்ணு முழிக்கிறேன்?"

சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நேராகச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் யார் வீட்டிலோ நாய் குரைத்தது.

"படம் நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"சிரிக்கிறேனா?"

"லேசா."

"சட்டம் என்ன நெறம்?"

"தங்கக் கலர்."

"மஞ்சள்னு சொல்லு," என்று போனை வைத்துவிட்டாள்.

அவுரேலியோவைக் கேட்டுப் பார்த்தாள். அந்தத் தாய் வேடத்துக்கு வேறு ஒருத்தி வந்து ஒத்திகையும் தொடங்கியிருந்தது. வேறு சேனல்களைக் கேட்டாள். உங்கள் முகம் இன்னும் தினமும் அங்கே வருகிறதே, பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்றார்களாம். சுவரில் தொங்குகிற முகம் நிஜ முகத்துக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. இலையுதிர் காலத்தில் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். சாயமும் பூசவில்லை, நரை அப்படியே வந்தது. போனால் கதவைத் திறப்பாள், காபி போடுவாள். மேஜை மேல் போன் மல்லாந்து கிடக்கும். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள். ஸ்டூடியோ கட்டில்தான் ஞாபகம் வந்தது எனக்கு.

டிசம்பரில் ஒருநாள் அவளே அந்த நாடகத்துக்குப் போகலாம் என்றாள். வேண்டாம் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. அரங்க வாசலில் வரிசை தெரு முனை வரை நின்றது. குளிர் நறுக்கென்று இருந்தது. வறுத்த கஷ்கொட்டை ஒரு பொட்டலம் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். சாப்பிடவில்லை, சூட்டுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்ற அம்மா திரும்பினார். தடித்த கோட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப், கண்ணில் அதற்குள் நீர்.

"தோன் ரமோன். நீங்கதானே?" என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன். நீங்க அந்தப் படத்துக்கிட்டப் பேசறப்ப நானும் என் மருமகளும் அழுதுக்கிட்டேதான் பாக்கறோம். என்ன மாதிரி பொம்பளை. இப்படிப் போயிட்டாளே."

சாவு வீட்டு வாசலில் சொல்கிற அதே சொற்கள். அந்த அம்மாவின் பார்வை என் பக்கத்தில் நின்றவள் மேல் போனது. நரைத்த குட்டைத் தலை, பழைய கோட்டு. கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"இவங்க சொந்தமா? மூக்கு அப்படியே எல்வீரா ஜாடை."

"இவங்கதான்..." என்று ஆரம்பித்தேன். நியேவெஸ் என் முழங்கையை அழுத்தினாள்.

"நான் அவளோட அக்கா," என்றாள்.

குரல் வேறாக இருந்தது. அல்மாக்ரோவுக்குப் பிறகு நான் கேட்காத குரல் அது. தெருச் சத்தத்துக்கு நடுவில் தனியாக, தெளிவாக வந்தது.

"அட கடவுளே," என்று அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாடை இருக்கு. ஆனா அவ இன்னும் அழகு, தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளோ? அதை அவங்க காட்டவே இல்லையே."

நியேவெஸ் கொஞ்சம் யோசித்தாள். நாடி சற்று உயர்ந்தது. கண்ணில் மன்னிப்பு இருந்தது, அந்தப் புகைப்படப் பையன் கேட்டானே, அதே.

"இல்லைங்க," என்றாள். "தூக்கத்துலயே போயிட்டா. யாரோ கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தா."

அந்த அம்மா குலுங்கி அழுதார். நியேவெஸ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வரிசை நகர்ந்தது. எங்கள் டிக்கெட் மாடியில், தூணுக்குப் பின்னால்.